சுவர் தாண்டினால் அவுட்

சியாமளா அக்காவின் குரல் அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற குரல் அல்ல. மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர் அவர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டே அந்தக் கோடியில் தப்பாக ஓடும் பெண்ணை நிறுத்துவதற்கென்று வளர்த்த குரல் அது. 1968இல் ரகுநாதனைக் கல்யாணம் செய்துகொண்டு ஜெர்மனியின் எசன் நகரத்துக்கு வந்தபோது அந்தக் குரலும் கூடவே வந்தது. வந்த முதல் வாரத்திலேயே கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்தார். அக்கா சமையலறையிலிருந்து, "உப்பு எங்கங்க வச்சிருக்கீங்க?" என்று மட்டும்தான் கேட்டிருந்தார்.

ரகுநாதன் நேர் எதிர். உருக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு மூத்தவர். தும்மினால்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தும்முகிறாரோ என்று தோன்றும். நான் அங்கே ஆராய்ச்சி மாணவன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான் எனக்கு. சாப்பிடும்போது அக்கா கிசுகிசுவென்று பேசுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். குழாயைப் பாதி மூடினால் தண்ணீர் சீறுமே, அப்படி இருக்கும் அந்தக் கிசுகிசுப்பு.

அவர் கற்றுக்கொண்ட ஜெர்மன் வேறு விதம். வகுப்புக்கு எங்கும் போகவில்லை. கீழே முற்றத்தில் ஒருவர் தன் நாய்க்குப் பயிற்சி கொடுப்பதை ஜன்னலில் நின்று கேட்டுக் கேட்டுப் படித்தார். அதனால் அவருடைய ஜெர்மன் முழுக்க ஏவல் வினை. நில், உட்கார், கொடு, விடு, இங்கே வா. ரொட்டிக் கடையில் போய் நின்று "கொடு" என்பார். கடைக்காரம்மாவும் பயந்துபோய்ப் புது ரொட்டியாகப் பார்த்துக் கொடுப்பார்.

வீட்டுக்கு எதிரே டிராம் பாதை. அதைத் தாண்டினால் ஒரு ஆரம்பப் பள்ளி. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பள்ளியின் விளையாட்டு முற்றம் முழுதாகத் தெரியும். வந்த புதிதில் ஒருநாள் அங்கிருந்து பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "எரிஞ்சு போச்சு! எரிஞ்சு போச்சு!" என்று ஜெர்மனில் கத்தினார்கள். அந்தச் சொல் அக்காவுக்குத் தெரியும். அடுப்பில் ரசம் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ரசம் நன்றாகத்தான் இருந்தது. பிறகுதான் அது விளையாட்டு என்று புரிந்தது. பந்தை அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓட வேண்டும். அதற்குள் எதிரணி பந்தை எடுத்து நடுவில் இருக்கும் வளையத்தில் சேர்த்துவிட்டால், வழியில் இருப்பவன் "எரிந்தான்".

சாதாரணமாகப் பந்தைக் கையால் எறிந்துவிட்டுத்தான் ஓடுவார்களாம். அந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் விஷ்னெவ்ஸ்கிக்குப் பாதாள அறையில் பழைய மரக் கட்டைகள் கிடைத்திருந்தன. ஒரு காலத்தில் எல்லாப் பள்ளிகளிலும் ஆடிய பந்தடி ஆட்டத்தின் மிச்சம். கட்டையால் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அதோடு அவர் வேலை முடிந்தது. ஆள் கால்பந்துப் பைத்தியம். கால் படாத எந்த விளையாட்டும் அவருக்கு ஓய்வு நேரம்.

அக்காவின் துன்பம் அங்கேதான் ஆரம்பித்தது. வாரத்தில் இரண்டு நாள் ஜன்னலில் நின்று தவித்தார்.

1970 வசந்தத்தில் ஒரு காலை, ரகுநாதன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துவர நான் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தார்.

"சிதம்பரம், இதப் பாரு. இது நியாயமா?"

"என்னக்கா?"

"கட்டைய கோடாலி மாதிரி பிடிச்சிருக்கான். பந்து வருது, கண்ண மூடிக்கிறான். அடுத்தவனப் பாரு... பாரு... ஐயோ! கையில கட்டைய வச்சுக்கிட்டு காலால உதைக்கிறானே! அப்புறம் அந்தக் கட்டை எதுக்கு, மாடு மேய்க்கவா?"

"இந்த ஊர்ல பந்து வந்தா உதைக்கத்தான் தெரியும்க்கா. அப்பா சுரங்கத்துல, பிள்ளை கால்பந்துல. ரத்தத்துலயே ஊறினது."

"டீச்சர் என்ன பண்றார் பாரு. சிகரெட் பிடிக்கிறார்!"

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. கான்வாஸ் ஷூவை மாட்டினார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். மேலே ரகுநாதனின் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். நான் சாப்பாட்டு டப்பாவோடு பின்னால் ஓடினேன்.

முற்றத்துக்குள் போனதும் விஷ்னெவ்ஸ்கியின் முன்னால் நின்று கையை நீட்டி, "கொடு" என்றார் ஜெர்மனில். அந்த மனிதர் ஒரு காலத்தில் தானும் மாணவனாக இருந்தவர்தானே. பேசாமல் கட்டையைக் கொடுத்தார். சிகரெட்டையும் அணைத்தார்.

"சிதம்பரம், பந்தப் போடு."

நான் போட்ட முதல் பந்து அவருக்குப் பின்னால் போனது. இரண்டாவது முன்னாலேயே விழுந்தது. "லேப்ல என்னதான் சொல்லிக் குடுக்கிறாங்க உனக்கு?" என்றார். மூன்றாவது ஒழுங்காகப் போனது. அக்கா அரை அடி முன்னே வைத்து, இடுப்பைத் திருப்பி, ஒரு அடி அடித்தார். பந்து முற்றத்தைத் தாண்டியது, சுவரைத் தாண்டியது, அந்த நேரம் பார்த்து வந்த டிராமின் கூரையில் போய் விழுந்து ஏதோ ஒரு சந்தில் மாட்டிக்கொண்டது. டிராம் மணியடித்துவிட்டு அடுத்த ஊரான கெல்சென்கிர்ச்சன் பக்கம் போய்விட்டது.

பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். பிறகு எழுந்த சத்தத்தில் பள்ளியின் எல்லா ஜன்னல்களும் திறந்தன.

"அது பள்ளியின் ஒரே பந்து" என்றார் விஷ்னெவ்ஸ்கி. கொஞ்ச நேரம் டிராம் போன திசையையே பார்த்தார். பிறகு கேட்டார்: "வியாழக்கிழமையும் வருவீர்களா?"

அன்று மாலை கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, அம்மாளுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாராம். சத்தத்தையெல்லாம் முற்றத்தில் இறக்கிவிட்டு வந்ததில் அக்கா வீட்டில் சாதாரணமாகப் பேசத் தொடங்கியிருந்தார்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் வகுப்பு. பள்ளி ஒரு பெட்டி டென்னிஸ் பந்து வாங்கியது. வேலை நேரம் அனுமதித்தபோதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார், பந்து போடவும் மொழிபெயர்க்கவும். முதல் வேலை, கால்களை அடக்குவது. தரையில் சாக்கட்டியால் இரண்டு பாதங்கள் வரைந்தார். அடித்து முடிக்கும்வரை கால் அந்தப் படத்தைவிட்டு விலகக் கூடாது. பிள்ளைகள் இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். விஷ்னெவ்ஸ்கிக்குத்தான் கடைசிவரை வரவில்லை. உருண்டு வரும் பந்தைக் கண்டால் அவர் கால் அவரைக் கேட்காமலேயே எழும்.

அடுத்தது, நிற்கும் பந்தை அடித்துப் பழகுவது. முற்றத்தில் ஒரு செஸ்ட்நட் மரம் இருந்தது. பந்தை ஒரு காலுறையில் போட்டு அதில் தொங்கவிட்டால் ஆளாளுக்கு அடிக்கலாம். புடவை கட்டுகிறவரிடம் நீளக் காலுறை ஏது? "அம்மா காலுறை. கொண்டுவா" என்று வகுப்புக்கு ஆணையிட்டார். பழையது என்ற சொல் நாய்ப் பயிற்சியில் வரவில்லை. மறுநாள் மரம் முழுக்க அருமையான புது நைலான் காலுறைகள் பந்தோடு தொங்கின. அதற்கு மறுநாள் பள்ளி வாசலில் தாய்மார்கள் கூடினார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

அந்த வழக்கு தீர்ந்த கையோடு இன்னொன்று வந்தது. அடிக்கும் நேரத்தில் மட்டும் அக்காவின் வாயில் ஜெர்மன் வராது. "பாரு... பாரு... அடி!" என்று தமிழில்தான் வரும். பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டார்கள். யார் அடிக்க நின்றாலும் சுற்றி நிற்கும் கூட்டம் "பாரு, பாரு, அடி! அடி!" என்று கூவும். ஒருநாள் தலைமையாசிரியர் லோமன் முகம் சிவந்து இறங்கி வந்தார்.

அவருடைய முதற்பெயர் அடால்ஃப். அவர் பிறந்த காலத்தில் அது யாரும் வைக்கிற சாதாரணப் பெயர். யுத்தத்துக்குப் பிறகு அவர் அந்தப் பெயரை எங்கும் முழுதாக எழுதுவதில்லை. அதன் செல்லப் பெயர் "அடி". வீட்டுக்குள் அவர் மனைவி மட்டும் அப்படிக் கூப்பிடுவாராம். இப்போது பள்ளி முழுக்க அவர் ஜன்னலுக்குக் கீழே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"என் பெயரை இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார் அவர்.

"ஐயா, அது உங்கள் பெயர் இல்லை. எங்கள் மொழியில் அது ஒரு ஏவல் வினை" என்றேன்.

"என்ன ஏவல்?"

"அடிக்கச் சொல்வது."

அவர் யோசித்தார். தன் பெயரைப் பற்றி அவர் கேட்ட செய்திகளில் இது மோசமானதல்ல என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் தணிந்து, "வேறு சொல் கிடையாதா?" என்றார்.

அக்கா "விளாசு" என்று கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகளின் நாக்கு சுளுக்கிக்கொண்டது. "சாத்து" என்றார். அது உடனே ஒட்டிக்கொண்டது. ஜெர்மனில் வயிறு நிறைந்தது என்பதற்குக் கிட்டத்தட்ட அதே ஓசை. அன்று முதல் முற்றத்தில் பிள்ளைகள் "பாரு, பாரு, வயிறு நிறைஞ்சது!" என்று கூவினார்கள். லோமனுக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கத்துக்கும் அக்கா ஒரு வழி வைத்திருந்தார். டென்னிஸ் பந்துகளில் மையால் பெரிதாக எழுத்துகள் எழுதினார். வரும் பந்தில் என்ன எழுத்து என்று சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கண்ணை மூடினால் எழுத்து தெரியாது. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்தது. பெட்ரா கமின்ஸ்கி என்ற பெண் மட்டும் எந்தப் பந்து வந்தாலும் "பி" என்பாள். கண் அகலத் திறந்துதான் இருக்கும். ஆனாலும் பி. கட்டை காற்றில் போகும்.

"பொய் சொல்றாளோ?" என்றேன்.

"பொய் சொல்ற பிள்ளை எழுத்த மாத்தி மாத்திச் சொல்லும்டா" என்றார் அக்கா. பந்தை அவள் மூக்குக்கு அருகே கொண்டுபோனார். "ஆர்" என்றாள் பெட்ரா, சரியாக. ஓரடி தள்ளிக் காட்டினார். "பி."

அன்று மாலையே அக்கா பெட்ராவின் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் கூட இல்லை. அதுதான் தப்பாகப் போயிற்று. கிட்டப்பார்வை என்ற சொல் அவருக்குத் தெரியாது. "பெட்ரா குருடு. டாக்டர். போ!" என்று சொல்லியிருக்கிறார். கதவு முகத்தில் அறைந்து மூடியது.

மறுநாள் பரிகாரத்துக்கு நான் போனேன். திருமதி கமின்ஸ்கி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என் மகள் குருடா? அந்த அம்மாள் டாக்டரா?"

"இல்லை அம்மா. சொல் தெரியாமல் சொல்லிவிட்டார். பெட்ரா எல்லாப் பந்திலும் பி என்கிறாள்."

"அதனால்?"

"எந்தப் பந்திலும் பி எழுதவே இல்லை."

அவர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்று டீச்சர் சொன்னார்" என்றார் பிறகு. "திருட்டுப் புத்தி என்று நான் அவளை அடித்தேன்." அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பெட்ரா தடித்த கண்ணாடியோடு வந்த முதல் நாள், அக்காவே பந்து போட்டார். பெட்ரா அசையாமல் நின்றாள். பந்து அவளைக் கடந்து போனது. "ஏ... பந்துல தையல் மாதிரி கோடு இருக்கு!" என்று கத்தினாள். அக்கா அவளைத் திட்டவில்லை. குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாடா ஏற்கனவே கட்டித்தான் இருந்தது.

இப்படி எல்லாப் பிள்ளைகளும் அடிக்கக் கற்றுக்கொண்டதுதான் வினையாகிப் போனது. அதுவரை பந்து எங்கும் போனதில்லை. இப்போது எல்லா இடத்துக்கும் போனது. முற்றத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளிக் கட்டடத்தைப் பராமரிக்கும் பிரிங்க்மன் கண்ணாடிப் பெட்டி கட்டி அதில் தக்காளி வளர்த்துக்கொண்டிருந்தார். முதல் கண்ணாடி உடைந்தபோது மன்னித்தார். இரண்டாவதற்கு முறைத்தார். மூன்றாவது உடைந்தபோது, உள்ளே விழுந்த பந்தையும் நசுங்கிய தக்காளியையும் ஒரே தட்டில் வைத்துத் தலைமையாசிரியர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். கட்டைகள் பூட்டப்பட்டன.

அக்கா நேராக லோமன் அறைக்குப் போனார். நானும் போனேன், மொழிக்கு.

"எங்க தெருவுலயும் இதே பிரச்சினைதான்னு சொல்லு. நானும் என் அண்ணன்மாரும் தெருவுலதான் கிரிக்கெட் ஆடுவோம். சுவருக்கு அந்தப் பக்கம் வக்கீல் வீடு. அதனால சுவர் தாண்டினா அவுட். அடிச்சவனே போய் பந்தக் கேட்டு வாங்கிட்டு வரணும். அந்த ரூல் போட்ட நாள்லேர்ந்து வக்கீல் வீட்டு ஜன்னல் ஒண்ணுகூட உடையலைன்னு சொல்லு."

சொன்னேன். லோமன் பிரிங்க்மனைப் பார்த்தார்.

"பந்தைக் கேட்டு வாங்க என்னிடமா வருவார்கள்?" என்றார் பிரிங்க்மன்.

"ஆமாம்" என்றேன்.

"நான் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா?"

"முழுவதும்."

பிரிங்க்மனுக்கு அது பிடித்திருந்தது. சாவி திரும்பியது.

இப்போது ஆட்டமே மாறியது. தூக்கி அடித்தால் தோல்வி. அக்கா முற்றத்தில் புத்தகப் பைகளை ஆட்கள்போல நிறுத்திவைத்து, நடுவில் இருக்கும் சந்துகளைக் காட்டினார். கட்டையைச் சாய்த்துப் பிடித்தால் பந்து தரையோடு ஓடும். மணிக்கட்டைத் திருப்பினால் இடம் மாறும். "ஆள் இல்லை. அங்கே!" என்பதுதான் முழுப் பாடமும். கோடை வருவதற்குள், அத்தனூண்டு பிள்ளைகள் பந்தை இரண்டு பைகளுக்கு நடுவே ஊசிக்குள் நூல்போல ஓட்டினார்கள்.

ஜூன் மாதம் பள்ளி விழா. வாத்தியக் குழு, வறுத்த சாசேஜ், பீர். அதில் தகப்பன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் பந்தடி ஆட்டம் என்று லோமன் அறிவித்தார். தகப்பன்மார் சிரித்தார்கள். எல்லாரும் சுரங்கத்தில் கரி வெட்டுகிறவர்கள். ஒவ்வொரு தோளும் ஒரு கதவு அகலம். அவர்களுக்குத் தலைவர் விஷ்னெவ்ஸ்கி. ஒரு ஆள் குறைகிறதென்று, சாசேஜ் பக்கமே போகாமல் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரகுநாதனையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர் பெட்ராவின் அப்பா. பந்தைப் பள்ளிக் கூரை உயரத்துக்குத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் பறக்கவிட்டார். மனைவிமார் கைதட்டினார்கள். அவர் கையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஓடினார். பிள்ளைகள் ஒருவரும் பந்தைத் துரத்தவில்லை. "அப்பா, அவுட்" என்றாள் பெட்ரா.

"என்ன? நான் எவ்வளவு தூரம் அடித்தேன் பார்த்தாயா?"

"அதனாலதான் அவுட்."

"தூரமாக அடித்தால் தப்பா? எந்த ஊர்ச் சட்டம் இது?"

"மதுரை" என்றார் அக்கா.

அடுத்து வந்தவர்களுக்குச் சட்டம் தெரியும். தெரிந்து என்ன பயன்? அத்தனை பெரிய தோளை வைத்துக்கொண்டு, மனைவியும் மாமியாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மனிதனால் பந்தைத் தரையில் உருட்ட முடியுமா? ஒவ்வொருவராகச் சுவருக்கு மேலே அனுப்பினார்கள். ஒவ்வொருவராக பிரிங்க்மனிடம் போய் நின்று, அவர் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டுப் பந்தோடு திரும்பினார்கள். விஷ்னெவ்ஸ்கி தரையோடு அடிக்கத்தான் நினைத்தார். பந்து காலருகே வந்தது. உதைத்துவிட்டார்.

கடைசியில் ரகுநாதன். பந்தைக் கண்டால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். கட்டையை முகத்துக்கு நேரே கேடயம்போலப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பந்து கட்டையில் பட்டு, யாரும் இல்லாத மூலைக்கு மிக மரியாதையாக உருண்டு போனது. அவருக்கு அது தெரியாது. கண்ணை மூடியபடியே நின்றார்.

"ஓடுங்க!" என்று ஒரு குரல் வந்தது. மதுரை மைதானத்தின் கோடிவரைக்கும் போன அந்தக் குரல். "என்னங்க, ஓடுங்கன்னா! அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்! திரும்பாதீங்க! ஓடுங்க!"

பிள்ளைகளின் பயிற்சியாளர் எதிரணிக்காரரை விரட்டிக்கொண்டிருந்தார். ரகுநாதன் கோட்டு பறக்க நாலு மூலையையும் சுற்றி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்க, "சரியா ஓடினேனா சியாமளா?" என்று கேட்டார். தகப்பன்மார் அணிக்கு அன்று கிடைத்த ஒரே புள்ளி அதுதான். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பீர் கொடுத்தார்கள். அவர் குடிக்கமாட்டார் என்பதால் அதையும் அவர்களே குடித்தார்கள். பிள்ளைகள் அணி மட்டும் பொங்கிப்போய், டீச்சர் கட்சி மாறிவிட்டார் என்று லோமனிடம் புகார் கொடுத்தது. லோமன் விசாரித்து, கணவன் விஷயத்தில் இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு பிள்ளைகள் தங்கள் முறைக்கு ஆடி, சுவர்ப் பக்கமே போகாமல், தகப்பன்மாரின் கால்களுக்கு நடுவே பந்தை ஓட்டி ஓட்டி வேண்டிய மட்டும் புள்ளி எடுத்தார்கள்.

அக்காவின் மதுரைச் சான்றிதழ் அங்கே செல்லாது. ஆசிரியை என்று நியமிக்க வழியில்லை. லோமன் அடுத்த ஆண்டு முதல் மதிய நேரத்தில் "பெற்றோர் உதவியுடன் பந்து விளையாட்டு" என்று ஒரு வகுப்பை ஏற்பாடு செய்தார். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அக்காவுக்கு இல்லை. யாரும் அதைக் கேட்கவில்லை. ரகுநாதனுக்கு ராஞ்சியில் வேலை கிடைத்து 1975இல் அவர்கள் புறப்படும்வரை அந்த வகுப்பு நடந்தது.

ராஞ்சியில் அக்காவுக்கு ஒரு பள்ளியில் முறையான வேலையே கிடைத்தது. கொஞ்ச நாளில் ரகுநாதன் ஒரு வேலையாக எசன் வந்தபோது சொன்னார்: அங்கே அவர் நாலு மூலை ஓட்டம், நடு வளையம், சுவர் தாண்டினால் அவுட் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாராம். ஊரில் அதற்கு "ஜெர்மன் கிரிக்கெட்" என்று பெயராகிவிட்டதாம்.

"ஜெர்மனியில அப்படி ஒண்ணு கிடையாதேன்னு சொல்லிப் பார்த்தேன், சிதம்பரம்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"நீங்க அங்க ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினீங்க, அதுவும் கண்ண மூடிக்கிட்டு, உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டா."